இறக்கத்துக்கு ஏற்ற குழந்தை வண்டி

தம்பி, நியூசிலாந்தில் வெலிங்டனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, நியூலாண்ட்ஸில் வாடகை வீடு, மனைவிக்கு ஏழாவது மாதம் என்று எழுதியிருந்தீர்கள். கூட வேலை செய்கிறவர்கள் மூன்று சக்கரக் குழந்தை வண்டிதான் வாங்க வேண்டும் என்கிறார்களாம். நான்கு சக்கரம்தானே உறுதியாக நிற்கும், மூன்று சக்கரம் கவிழாதா, இந்த ஊர் மேட்டுக்கும் சரளைப் பாதைக்கும் எதைப் பார்த்து வாங்குவது என்பது உங்கள் கேள்வி.

பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை இதே மேட்டில் தள்ளி வளர்த்தவள் என்பதால் நேராகச் சொல்கிறேன். மூன்று சக்கரமே வாங்குங்கள். ஆனால் ஏற்றத்தை நினைத்து வாங்காதீர்கள், இறக்கத்தை நினைத்து வாங்குங்கள்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். களைத்தால் நின்றுகொள்ளலாம். இறக்கத்தில் வண்டி நம்மை இழுக்கும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வண்டி 12 கிலோ, ஒரு வயதுப் பிள்ளை 10 கிலோ, பால், தண்ணீர், மாற்றுத் துணி என்று பை 3 கிலோ. ஆக 25. ஆறடிக்கு ஓரடி உயரும் சரிவு என்றால் அந்த வண்டி 4 கிலோ எடைக்கு ஈடாகக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட தெருவுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. ஐந்து நிமிடம் பிடிப்பது பெரிதல்ல. கால் மணி நேரம், மழையில், பிரசவம் முடிந்த உடம்போடு பிடிப்பது வேறு. பிள்ளையைத் தூக்கித் தூக்கியே தாய்மாருக்குக் கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் வலி வரும். அந்தக் கையால்தான் வண்டியையும் பிடிக்க வேண்டும்.

அதனால் கடையில் முதலில் பிரேக்கைப் பாருங்கள். காலால் மிதிப்பது வண்டியை நிறுத்தி வைக்க மட்டும்தான். ஓடுகிற வண்டியின் வேகத்தைக் குறைக்க அது உதவாது. வேகத்தைக் குறைக்கக் கைப்பிரேக் வேண்டும். பிள்ளையைத் தள்ளிக்கொண்டே ஓடுவதற்கென்று செய்யும் வண்டிகளில் பல மாதிரிகளுக்குக் கைப்பிடியிலேயே அது இருக்கும். பெரிய சக்கரம் போட்ட இந்த மூன்று சக்கர வண்டி பிறந்ததே ஓட்டத்துக்காகத்தான். 1980களில் அமெரிக்காவின் யாகிமா என்ற ஊரில் ஃபில் பேக்லர் என்பவர் மகனையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று குழந்தை வண்டிக்குச் சைக்கிள் சக்கரம் மாட்டினார். அதன் வாரிசுகள்தான் இன்று கடையில் நிற்பவை. நீங்கள் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கைப்பிரேக் நமக்குத் தேவை.

அடுத்தது கைவார். கைப்பிடியிலிருந்து தொங்கும் பட்டை, மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது. பலர் அதைச் சுருட்டி உள்ளே திணித்துவிடுகிறார்கள். என் மூத்தவளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். வீட்டு கேட்டில் சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன். பிரேக் போட்டுவிட்டதாக நினைப்பு. மிதி முழுதாக இறங்கவில்லை போலிருக்கிறது. தெற்கிலிருந்து ஒரு காற்று அடித்தது. விரித்திருந்த வெயில் மறைப்பு பாய்மரம் மாதிரி அதை வாங்கிக்கொண்டது. மணிக்கட்டில் வார் வெடுக்கென்று இழுத்தபோதுதான் வண்டி நகர்ந்ததே எனக்குத் தெரிந்தது. ஓரடிக்கு மேல் போகவில்லை. அந்த ஓரடியை என் கை இன்னும் மறக்கவில்லை. வெலிங்டன் காற்றைப் பற்றி எல்லோரும் உங்களிடம் பேசியிருப்பார்கள். குழந்தை வண்டி தள்ளும்போதுதான் அது என்னவென்று புரியும். ரயில் மேடையில் நிற்கும்போது பிரேக்கை முழுதாகப் போட்டு, சக்கரங்கள் தண்டவாளத்துக்கு இணையாக இருக்கும்படி வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். அப்போதும் வார் கையில் இருக்கட்டும். வண்டியின் சட்டத்தில் ஏஎஸ்/என்இசட்எஸ் 2088 என்ற தர எண் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் பொதுவான தரம் அது. இந்தக் கைவாரும் எளிதாகக் கண்ணில் படும் சிவப்புப் பிரேக் மிதியும் அதில் உண்டு.

இப்போது மூன்றா நான்கா என்ற கேள்வி. தரை கோணலாக இருந்தால் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. அதே கதைதான் இங்கும். மேடு பள்ளமான பாதையில் நான்கு சக்கர வண்டியின் ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், வண்டி வெட்டி வெட்டிப் போகும். மூன்று சக்கரம் எப்போதும் மூன்று இடத்தில் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நடைபாதை விளிம்பில் ஏற்றுவதற்கும் கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், ஒற்றை முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். என் முதல் வண்டி சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரம் போட்ட நான்கு சக்கர வண்டி, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியது. மாலில் வழுக்கிக்கொண்டு போகும். கடற்கரைச் சரளையில் பத்தடி போவதற்குள் முன்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. கணவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

கவிழாதா என்று கேட்டது நியாயமான கேள்விதான். முன்பக்கத்தின் இரண்டு மூலைகளிலும் தாங்குவதற்குச் சக்கரம் கிடையாது. இறக்கத்தில் வேகமாகப் போய்ச் சட்டென்று திருப்பினால் வண்டி அந்த வெற்று மூலைப் பக்கம் சாயும். பக்கவாட்டுச் சரிவிலும் அப்படித்தான். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நிதானமாகத் திருப்பினால் பயமில்லை. இன்னொன்று, கைப்பிடியில் கடைப் பையை மாட்டவே மாட்டாதீர்கள். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் போய் வண்டி மல்லாந்துவிடும். எந்தச் சாமானும் இருக்கைக்குக் கீழே உள்ள கூடையில்தான் போக வேண்டும்.

சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும், காற்றடிக்கும் டயராக இருக்க வேண்டும். பின்சக்கரம் 16 அங்குலம், முன்சக்கரம் 12 அங்குலம் என்றால் கரடுமுரடான பாதைக்கு நன்றாக இருக்கும். மூன்றும் 12 அங்குலம் என்றால் ஊருக்குள்ளும் ஓரளவு சரளையிலும் சமாளிக்கும், டிக்கியிலும் எளிதாக அடங்கும். பஞ்சரே ஆகாது என்று சொல்லி நுரை அடைத்த டயரைக் காட்டுவார்கள். தார் ரோட்டுக்கு அது போதும். சரளையில் ஒவ்வொரு கல்லும் பிள்ளையின் முதுகுக்குத் தெரியும். பின்னால் ஸ்பிரிங் இருக்கிறதா என்று கைப்பிடியை அழுத்திப் பாருங்கள்.

பஞ்சர் ஆகும், அதை மறைக்கவில்லை. இங்கே குன்றெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் கோர்ஸ் என்ற முள்புதரைப் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் ஆவாரம்பூ மாதிரி அழகாக இருக்கும், கிட்டப் போனால் ஊசி. நம் ஊட்டிப் பக்கமும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டுப் போனது அது. பாதையோரம் வெட்டிப் போட்ட காய்ந்த கோர்ஸ் மேல் ஏறினால் டியூப் போச்சு. ஒரு மாற்று டியூப், ஒட்டுப்போடும் சாமான், சின்னக் கைப்பம்பு மூன்றும் கூடையில் கிடக்கட்டும். பெட்ரோல் பங்கில் கார் டயருக்கான குழாயால் இந்தச் சின்ன டியூபுக்குக் காற்றடிக்காதீர்கள், நொடியில் வெடித்துவிடும். டயரின் பக்கத்திலேயே எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். சரளைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாக அடித்தால் மெத்தென்று போகும்.

முன்சக்கரம் கடைக்குள் போகும்போது இடமும் வலமும் தானாகத் திரும்ப வேண்டும், கரட்டுப் பாதையில் நேராகப் பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் செய்கிற வண்டியே நமக்குச் சரி. பூட்டாமல் வேகமாகப் போனால் முன்சக்கரம் படபடவென்று ஆட ஆரம்பிக்கும்.

அப்புறம், இதை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்களல்ல, உங்கள் மனைவி, அந்தத் தங்கச்சிதான். நீங்கள் காலையில் வேலைக்குப் போய்விடுவீர்கள். அம்மாவும் மாமியாரும் மாறி மாறிப் பிள்ளையை வாங்கிக்கொள்ள இங்கே ஆளில்லை. பகல் முழுக்க நான்கு சுவருக்குள் பச்சைக் குழந்தையோடு இருப்பது எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் தனியாக வெளியே போய் வர முடிந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அதனால் அவர் தனியாக மடிக்க முடிகிறதா, கைப்பிடி அவர் உயரத்துக்கு இறங்குகிறதா, டிக்கிக்குள் தூக்கி வைக்க முடிகிறதா என்று அவர் கையாலேயே செய்து பார்க்கட்டும். ஆபரேஷன் பிரசவமானால் முதல் சில வாரம் அவர் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பதையும் கணக்கில் வையுங்கள். பஸ்ஸில் குழந்தை வண்டி நிறுத்தும் இடம் சக்கர நாற்காலிக்காரருக்கு முதலில் உரியது. அப்படி ஒருவர் ஏறினால் தங்கச்சி வண்டியை மடிக்கத்தான் வேண்டும், ஒரு கையில் பிள்ளையோடு. புதிதாக வருகிறவர்கள் பலர் டொயோட்டா அக்வா மாதிரிச் சின்னக் கார்தான் வாங்குகிறோம். டிக்கியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சக்கரம் கழன்று வரும் வண்டியானால் சின்ன டிக்கியில் வைப்பது எளிது.

கடைக்குப் போகும்போது பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் காரில் போட்டுக்கொள்ளுங்கள். இருக்கையில் வைத்துக் கட்டி, வெளியே ஏதாவது ஒரு சரிவில் தள்ளிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நான் கேட்டபோது தயங்காமல் விட்டார்கள். காலி வண்டி எல்லாமே பூ மாதிரிதான் ஓடும்.

ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை படி என்று எழுதவில்லை. இங்கே நாற்பது ஐம்பது படி இறங்கிப் போகும் வீடுகள் நிறைய. அப்படியானால் வண்டி மேலேயே, காரிலோ கராஜிலோ இருக்கட்டும். பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு படி ஏறுங்கள். முதல் மாதங்களில் எப்படியும் மார்போடு கட்டும் அந்தத் துணிதான் அதிகம் உதவும். பிறந்த குழந்தைக்கு வண்டியில் மட்டமாகப் படுக்கும் இருக்கையோ தனித் தொட்டிலோ வேண்டும். தலை நிற்கும்வரை சரளைப் பாதையும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். ஓடுவதற்கு ஆறு மாதமாவது ஆக வேண்டும் என்றுதான் பெரும்பாலான கம்பெனிகளின் கையேட்டில் இருக்கும். வெயிலுக்காக வண்டி மேல் துணியைப் போர்த்தி மூடாதீர்கள், உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். காற்றுப் புகும் வலை போதும்.

விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள். மவுண்டன் பக்கி, ஃபில் அண்ட் டெட்ஸ் இரண்டும் இந்த ஊரில் பிறந்த குழந்தை வண்டிக் கம்பெனிகள். அதனால் பழைய வண்டிகள் டிரேட் மீ என்ற விற்பனை இணையதளத்தில் வந்துகொண்டே இருக்கும், உதிரிப் பாகமும் கிடைக்கும். என் இரண்டாவது வண்டி அப்படி வாங்கியதுதான். பழசு வாங்கினால் பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள், முன்சக்கரப் பூட்டு விழுகிறதா, மடிப்புக் கொக்கி தானாக விடுகிறதா, இடுப்பு தோள் வார்கள் நைந்திருக்கிறதா, டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரையில் ஓடிய வண்டியானால் இருசைக் கழற்றித் துருவையும் பாருங்கள். டயரும் டியூபும் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் வளைந்திருந்தால் வேண்டாம்.

பிள்ளைக்கு ஆறேழு மாதம் ஆனதும் ரெமுடாகா ரயில் பாதைக்குக் கூட்டிப் போங்கள். 1878 முதல் 1955 வரை ரயில் ஓடிய பாதை, இப்போது நடக்கவும் சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள். கைட்டோக்கே பக்கத்திலிருந்து தொடங்கினால் நல்ல சரளை, மெதுவான ஏற்றம், காடு. சுரங்கத்துக்கு டார்ச் வேண்டும். உச்சியில் உள்ள சுரங்கம் 576 மீட்டர் நீளம். அதற்கு அப்பால் பாதை பதினைந்துக்கு ஒன்று என்று இறங்குகிறது. அந்தச் சரிவுக்கே அன்று நடுவில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டார்கள். ஏறும்போது எஞ்சின் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இறங்கும்போது பிரேக் பெட்டிகள் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டே இறங்கும். ஃபெதர்ஸ்டன் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் அந்த எஞ்சின் ஒன்று இன்னும் நிற்கிறது. முதல் முறை உச்சிச் சுரங்கத்தோடு திரும்பிவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு வாருங்கள். மலைக் கடவுளுக்கு ஏற்ற இடமாகத்தான் நியூலாண்ட்ஸில் கோயில் அமைந்திருக்கிறது, சுற்றி எல்லாத் தெருவும் மேடும் இறக்கமும். என் சின்னவனின் வண்டி கராஜில் சும்மா நிற்கிறது, 16 அங்குலச் சக்கரம், கைப்பிரேக் உண்டு. அதை எடுத்துக்கொண்டு வருகிறேன். அரிசி மூட்டையை நீங்கள் கொண்டு வாருங்கள், தங்கச்சி தள்ளிப் பார்க்கட்டும்.