ஜப்பானியக் குடும்பத்தோடு ஒருநாள் கிராமப் பயணம்: எங்கே போகலாம்?

ஜப்பானின் கனஸாவா நகரில் ஒரு ஜப்பானியர் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள். அவர்களோடு ஒரே நாளில் பழைய கிராமம் பார்த்துத் திரும்ப முடியுமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக முடியும்.

பழைய வீடுகளுக்குப் பேர்போன மலைக்கிராமப் பகுதிகளான ஷிரகவாகோ, கொகயாமா இரண்டும் 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. ஷிரகவாகோவில் கூட்டம் அலைமோதும். என் ஓட்டு கொகயாமாவில் உள்ள ஐனோகுரா என்ற சிற்றூருக்குத்தான்.

அங்குள்ள பழைய வீடுகளுக்குக் கும்பிட்ட கைகள் போன்ற செங்குத்தான புல்கூரைகள். பனி தங்காமல் சரிந்துவிடும். கூரைச் சட்டங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். மாடியில் அந்தக் காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே, தரையில் பதித்த இரோரி அடுப்பின் புகை மேலேறிப் பூச்சி அரிக்காமல் கூரையைக் காத்தது. உத்தரங்கள் கரியேறிக் கறுத்திருக்கும்.

செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். கழற்றியதை வாசல் பக்கம் திருப்பி வையுங்கள், உங்களை அழைத்துப்போகும் வீட்டார் மகிழ்வார்கள். பல வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னல் வழியே எட்டிப்பார்க்க வேண்டாம்.