கிராம சபையில் பேசிய கோரிக்கை தீர்மானத்தில் ஏறாதபோது

அக்டோபர் 2 கூட்டத்தில் நீங்கள் எழுப்பிய குடிநீர்த் தொட்டிக் கோரிக்கை பதிவானதா என்பதை அறிய, ஊராட்சிச் செயலர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில், அன்றைய தீர்மானங்களின் நகலையும் வருகைப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

விடுபட்டிருந்தால், பெரும்பாலும் காரணம் அது பேச்சாகவே நின்றுவிட்டதுதான். எந்தத் தெரு, எத்தனை வீடுகள், என்ன பணி என்பதை ஓரிரு வரிகளில் எழுதி, நவம்பர் 1 கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையொப்பம் பெறுங்கள். கூட்டத்தில் அதையே தீர்மானமாக முன்மொழிந்து, புத்தகத்தில் எழுதியதை உரக்க வாசிக்கச் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஊரார் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் வழக்கம் கிராம சபையையே வெறும் சடங்காக்கிவிடுகிறது. அதற்கு உடன்படவே வேண்டாம்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளையும் எண்ணிப் பாருங்கள். மக்கள்தொகை 500 வரை எனில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது குறைவெண் வரம்பு, அதாவது கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: குடிநீர் ஊராட்சியின் பொறுப்பு என்பதால் இவ்வழி பொருந்தும், நெடுஞ்சாலைத் துறையின் சாலை போன்றவற்றில் கிராம சபைத் தீர்மானம் பரிந்துரையாக மட்டுமே செல்லும்.