குடுவைச் செடிக்கு இறைச்சி போடலாமா?

கேள்வி: நர்சரியில் ஆறு குடுவைகளோடு தொங்கும் தொட்டியில் நெப்பந்தஸ் செடி வாங்கி, ஹாலில் ஜன்னலோரம் மாட்டினேன். இரண்டே மாதத்தில் குடுவைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துவிட்டன. புது இலை வருகிறது, குடுவை வரவில்லை. பூச்சி கிடைக்காமல் பட்டினி கிடக்கிறதோ என்று மிஞ்சியிருந்த குடுவையில் கோழி இறைச்சித் துணுக்கு போட்டேன். நாற்றமெடுத்து அதுவும் கறுத்துவிட்டது. கொசு பிடிக்கும் என்றுதான் வாங்கினேன். என்ன செய்வது? (வாசகர், கோவை)

பதில்: இறைச்சி போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் செடி பட்டினியால் வாடவில்லை. வெளிச்சமும் காற்றின் ஈரமும் போதாமல்தான் குடுவை கட்ட முடியாமல் நிற்கிறது.

குடுவை பூவல்ல, இலை. நாம் இலை என்று நினைக்கும் அகலமான பச்சைப் பகுதி விரிந்த இலையடி. அதன் நுனியில் கொடிபோல் நீள்வது காம்பு. மற்றச் செடிகளில் விரிந்திருக்கும் இலைத்தாள்தான் இங்கே குடுவை. ஓர் இலைக்கு ஒரு குடுவைதான். காய்ந்ததற்குப் பதிலாக அதே இலையில் இன்னொன்று வராது, அடுத்த இலையில்தான் வரும். குடுவை காய்ந்தாலும் பச்சையாக இருக்கும் இலையை வெட்டாதீர்கள், செடிக்குச் சோறு சமைப்பது அதுதான். பூச்சியிலிருந்து செடி எடுத்துக்கொள்வது தழைச்சத்தும் மணிச்சத்தும். பூச்சி இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும், வெளிச்சமில்லாமல் தாங்காது.

பொறி வேலை செய்யும் விதம் தெரிந்தால் பராமரிப்பு தானாகப் புரியும். மூடியின் அடிப்பக்கத்திலும் வாய் விளிம்பிலும் தேன் சுரக்கிறது. மேகாலயாவில் வளரும் நெப்பந்தஸ் காசியானாவின் விளிம்பு புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதைத் திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அந்த ஒளிர்வை மறைத்தபோது குடுவையில் விழும் பூச்சிகளும் குறைந்தன.

அந்த விளிம்பை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து உள்நோக்கி நெருக்கமாக ஓடும் நுண்ணிய வரிகள் தெரியும். ஸ்பிரேயரால் லேசாகத் தண்ணீர் அடித்தால் அது முத்து முத்தாக நிற்காது, வரிகளின் வழியே பரவி மெல்லிய படலமாகிவிடும். எறும்பின் கால் அந்தப் படலத்தின்மேல் பிடிமானமின்றி வழுக்கிவிடுகிறது. உலர்ந்த விளிம்பில் அதே எறும்பு தேனைக் குடித்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பும். அப்படித் திரும்பிய எறும்பு மற்றவற்றையும் கூட்டிவரும். அதற்குள் பனியோ மழையோ விளிம்பை நனைத்துவிட்டால் கூட்டமாக உள்ளே விழும். விழுந்தது ஏறி வராதபடி பல இனங்களின் உட்சுவரில் மெழுகுத் துகள் பூச்சு இருக்கிறது. அடியில் அமிலமும் செரிமான நொதிகளும் கலந்த நீர். அந்த நொதிகளின் அளவு எறும்புக்கும் சிறு பூச்சிக்கும் போதுமானது. இறைச்சித் துண்டை அவை கரைத்து முடிப்பதற்குள் பாக்டீரியா அழுகவைத்துவிடும், கூடவே குடுவையும் அழுகும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

கொசு விஷயத்தில் ஏமாந்துவிட்டீர்கள். இது அதிகம் பிடிப்பது எறும்பைத்தான். சிலவகைக் கொசுப்புழுக்கள் குடுவை நீரிலேயே வளர்கின்றன. வீட்டுக் கொசுவுக்கு இதை நம்ப வேண்டாம்.

முதல் வேலையாகத் தொட்டியை ஹாலிலிருந்து வெளியே எடுத்து, காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் படும் கிழக்குப் பார்த்த பால்கனியில் மாட்டுங்கள். நாள் முழுக்க வெயில் என்றால் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுபோனால் இலை கருகும், இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழக்குங்கள். கரும்பச்சையாக நீண்டு தொங்கும் இலை வெளிச்சக் குறைவைச் சொல்கிறது. இளஞ்சிவப்பு ஓடினால் வெளிச்சம் போதும்.

அடுத்து ஈரப்பதம். கொடி நுனியில் அரிசி அளவு மொட்டு வந்து அப்படியே பழுப்பாகிக் கருகினால் காற்று வறண்டிருக்கிறது என்று அர்த்தம். 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. ஃபேன், ஏசி காற்று நேராகப் படக்கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் சுவர் மறைவுக்கு மாற்றுங்கள். ஸ்பிரே அடித்த ஈரம் சில நிமிடம்தான் நிற்கும். மற்றச் செடிகளுக்கு நடுவே மாட்டி, கீழே கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட தட்டு வைத்தால் பலன் அதிகம்.

தண்ணீரில்தான் நம் ஊரில் பல செடிகள் போகின்றன. போர்வெல் தண்ணீரின் உப்பு வேரைக் கெடுக்கும். மழைநீர் உத்தமம், ஆர்ஓ தண்ணீரும் சரி. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள், 50 பிபிஎம்முக்குள் இருந்தால் தாராளமாக ஊற்றலாம். மேல் கலவை காயத் தொடங்கும்போது ஊற்றி, முழுவதும் வடியவிடுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

தொட்டிக் கலவையில் மண்புழு உரம், சாணம், செம்மண் எதுவும் வேண்டாம். ஈரம் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைத் துகளும் சரிபாதி போடுங்கள். பாசி கிடைக்காவிட்டால் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போடலாம், ஆனால் அதிலும் உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள்.

அழுகிய குடுவையைக் கொடியோடு கத்தரித்துவிடுங்கள். வெளியே மாட்டிய செடிக்கு எறும்பு தானாக வரும், எதுவும் போட வேண்டியதில்லை. இனி வரும் குடுவை எப்போதாவது சாய்ந்து நீர் கொட்டிவிட்டால் மழைநீரைக் கால் பங்குக்கு ஊற்றினால் போதும்.

இடம் மாறிய செடி பழகிக்கொள்ள இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகு வரும் குடுவையின் மூடி ஒட்டியே இருக்கும். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காதீர்கள். மூடியிருக்கும்போதே செடி தன் நீரை உள்ளே நிரப்பி வைத்திருக்கும், மூடி தானாகத் திறக்கும்.