மத்தியானச் சோர்வும் கேடுள்ள இருதயமும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். என் பெயரைப் போட வேண்டாம். தூத்துக்குடி மாவட்டம் என்று மட்டும் இருக்கட்டும். பதினோரு வருடம் சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையானதும் போன வருடம் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். மனைவி பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவாள். அண்ணன் சென்னையில் இருக்கிறார். மாதாமாதம் பணம் வருகிறது, ஆள் வருவதில்லை.

காலையில் அம்மாவைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுக்கும்வரை ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு மேல்தான் கஷ்டம். கடிகாரம் நகராது. வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடப்பேன், போனை எடுப்பேன், வைப்பேன். திரும்ப சவூதிக்கே போய்விடலாமா, முழுநேர ஊழியத்துக்குப் போய்விடலாமா என்றெல்லாம் தோன்றும். ஒருநாள், "அம்மா இப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கே என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஜெபக்கூட்டத்தில் சொன்னபோது ஒரு ஊழியர் எரேமியா 17:9-ஐ வாசித்தார். இருதயமே மகா கேடுள்ளது, உனக்குள் சோர்வின் ஆவி இருக்கிறது, துக்கம் என்பதே அவிசுவாசம் என்றார். அப்படியானால் இந்தக் கேடுள்ள இருதயத்தை வைத்துக்கொண்டு நான் ஜெபிப்பது எதற்கு? அந்த மத்தியான நேரத்தை என்னதான் செய்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த நினைப்பு. அது வந்தது பாவமில்லை. இதை இந்தக் காலத்து மனோதத்துவத்தை வைத்துச் சொல்லவில்லை. ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்துப் பாலைவனத்தில் இருதயத்தைக் கவனிப்பதையே வேலையாக வைத்திருந்த துறவிகளின் கணிப்பு இது.

அவர்களில் ஒருவர் எவாக்ரியுஸ். இன்றைய துருக்கியின் வடக்கே கருங்கடலோரம் இருந்த பொந்து நாட்டில் 345 வாக்கில் பிறந்தவர். கான்ஸ்டாண்டிநோபிளில் பெயர் பெற்ற பிரசங்கியாக இருந்து, மணமான ஒரு பெண்ணின்மேல் மனம் போனதால் ஊரைவிட்டே ஓடி, எருசலேம் வழியாக எகிப்துக்கு வந்து, நித்ரியா, கெல்லியா என்ற பாலைவனத் துறவிக் குடியிருப்புகளில் சுமார் பதினாறு ஆண்டுகள் குடிசையில் இருந்து 399-ல் இறந்தவர். துறவியின் அன்றாடப் போராட்டத்தைப் பற்றி 100 சிறு பத்திகளில் ஒரு நூல் எழுதினார். ஆறாவது பத்தியில் எட்டு எண்ணங்களைப் பட்டியல் போடுகிறார்: போசனப்பிரியம், மோகம், பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை. பட்டியலை முடித்த கையோடு அவர் சொல்வதன் சாரம் இது: இவை வந்து நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை, வந்தவை தங்குவதும் தங்காததும், உள்ளே கிடந்து கிளறுவதும் கிளறாததும்தான் நம் கையில்.

இந்த அளவுகோலை உங்கள்மேல் வைத்துப் பாருங்கள். நினைப்பு வந்தது. நீங்கள் பயந்தீர்கள். அன்றும் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்திருப்பீர்கள், கஞ்சி கொடுத்திருப்பீர்கள். அது தங்கவில்லை. இப்போது தங்கியிருப்பது வேறொன்று: "இப்படி ஒன்று எனக்கு வந்துவிட்டதே" என்று அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. போகவிருந்த எண்ணத்துக்கு நாற்காலி போட்டுக் கொடுப்பது அந்தப் பயம்தான்.

பத்து மணிக் கதைக்கு வருகிறேன். அதே நூலின் பன்னிரண்டாம் பத்தியை வாசித்தால், உங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்து எழுதியதோ என்று தோன்றும். சோர்வின் பேய் நான்காம் மணிக்கு, அதாவது நம் பத்து மணிக்கு, வந்து இரண்டு மணிவரை ஆளை முற்றுகையிடுகிறது என்கிறார். சூரியன் நின்றுவிட்டது போலவும், ஒரு நாளுக்கு ஐம்பது மணிநேரம் போலவும் தோன்றவைக்கும். ஆள் ஜன்னலைப் பார்ப்பான். வெளியே வந்து, சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு என்று வெயிலை அளப்பான். யாராவது வருகிறார்களா என்று அங்குமிங்கும் நோக்குவான். பிறகு இடத்தின்மேல் வெறுப்பு, கைவேலையின்மேல் வெறுப்பு. "அன்பு செத்துப்போயிற்று, ஆறுதல் சொல்ல ஒருவருமில்லை" என்ற குறை. சமீபத்தில் யாராவது மனம் நோகப் பேசியிருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளும். இதைவிடச் சுலபமாகவும் லாபமாகவும் தொழில் செய்யக்கூடிய ஊர்களைக் காட்டும். "ஆண்டவரை எங்கிருந்தும் சேவிக்கலாமே" என்று பக்தியாகவும் பேசும். சொந்தபந்தம், பழைய வாழ்க்கை, முன்னால் கிடக்கும் நீண்ட வருடங்கள், எல்லாவற்றையும் வரிசையாகக் கண்முன் நிறுத்தும்.

சவூதி, முழுநேர ஊழியம் இரண்டும் உங்களுக்கு ஒரே நேரத்தில் ஏன் தோன்றுகின்றன என்பதற்கு விடை இதில் இருக்கிறது. ஊழிய அழைப்பு பொய் என்று சொல்ல வரவில்லை. மத்தியானம் பதினொன்றரைக்கு மட்டும் கேட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்காத அழைப்பை நம்பாதீர்கள்.

பாலைவனத்துக்காரர்கள் மனித இயல்பைப் பார்த்த விதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, பாவ எண்ணங்களுக்கு அடியில் அவர்கள் கண்ட பயம். போசனப்பிரியம் என்றதும் நமக்குப் பிரியாணிதான் நினைவுக்கு வரும். எவாக்ரியுஸ் அப்படி எழுதவில்லை. அந்த எண்ணம் துறவிக்கு அவனுடைய வயிறு, ஈரல், மண்ணீரல், நீர்க்கோவை, இழுத்துக்கொண்டே போகும் வியாதி, பக்கத்தில் வைத்தியர் இல்லாத நிலை ஆகியவற்றைக் காட்டும் என்கிறார். பொருளாசையும் தங்கத்தைக் காட்டாது. நீண்ட முதுமை, வேலை செய்ய முடியாத கைகள், வரப்போகும் பஞ்சம், பிறரிடம் கைநீட்டும் அவமானம் இவற்றைக் காட்டும். துக்கத்துக்கு அவர் கொடுக்கும் காரணம் இரண்டு: விரும்பியது கிடைக்காமல் போவது, கோபத்தின் பின்விளைவு. வீட்டையும் பழைய வாழ்க்கையையும் நினைக்கவிட்டு, மனம் அதில் இனிமையாக உலாவிக்கொண்டிருக்கும்போதே "இனி அது இல்லை" என்று கீழே தள்ளும் என்கிறார். பழைய கேம்ப் நண்பர்களின் புகைப்படங்களைப் போனில் பார்த்து முடித்த அடுத்த பத்து நிமிடத்தைக் கவனியுங்கள், புரியும்.

(நாளுக்கு ஒரு பவுண்டு ரொட்டி, மூன்று மாதத்துக்கு அரை லிட்டர் அளவு எண்ணெய் என்று வாழ்ந்த எவாக்ரியுஸுக்குக் கடைசியில் வயிறு நிஜமாகவே கெட்டுப்போனது. அந்த எண்ணம் காட்டியதெல்லாம் கற்பனை இல்லை. உடம்பை வருத்தும் விஷயத்தில் அவரைப் பின்பற்ற வேண்டாம்.)

எரேமியா 17:9. "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது." வசனம் உண்மை. ஆனால் அதோடு நிறுத்தினால் நோயாளியிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு கதவைச் சாத்துவது போலாகும். அடுத்த வசனத்திலேயே இருதயத்தை ஆராய்கிறவர் கர்த்தர் என்று வருகிறது; ஆராய்ச்சி ஜெபக்கூட்டத்துக்கு ஒப்படைக்கப்படவில்லை. பதினான்காம் வசனத்தில் அதே எரேமியா, "கர்த்தாவே, என்னைக் குணமாக்கும், அப்பொழுது குணமாவேன்" என்கிறார். நீங்கள் எதற்கு ஜெபிப்பது என்றால், இதற்குத்தான். இருபதாம் அதிகாரத்தில் தான் பிறந்தநாளையே சபிக்கிறவரும் இவர்தான். அவரை யாரும் அவிசுவாசி என்று தீர்க்கதரிசிகளின் வரிசையிலிருந்து நீக்கவில்லை.

கேடு என்பது இருதயத்தின் அடித்தளம் வரை போகிறதா? இதில் சபைகளுக்குள் பழைய சண்டை உண்டு. மேற்கத்திய சபையின் பெரிய போதகர் அகுஸ்தீனின் வழி வந்தவர்கள் மிகக் கடுமையாகப் பேசுவார்கள், கிழக்கத்திய சபைகள் அவ்வளவு கடுமை இல்லை. நான் எவாக்ரியுஸ் பக்கம் சாய்கிறேன். நன்மையின் விதைகள் மனிதனுக்குள் அழியாதவை என்கிறார். ஆதாரமாக அவர் காட்டுவது லூக்கா 16-ல் வரும் ஐசுவரியவானை. பாதாளத்தில் வேதனைப்படும்போதும் தன் ஐந்து சகோதரருக்காக அவன் இரங்கினான் அல்லவா, இரக்கம் நல்ல விதை அல்லவா என்று கேட்கிறார். பாதாளத்தில் இருப்பவனுக்கே அது மிச்சமிருந்தால், தாயைத் துடைத்துப் புரட்டிப் படுக்கவைக்கிற கைக்கு இல்லாமல் போகாது.

துக்கமே அவிசுவாசம் என்று சொன்னவரிடம் மத்தேயு 26:38-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று கெத்செமனேயில் சொன்னது யார்? 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அவருக்கு முதலில் கிடைத்தது தூக்கம், பிறகு தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்துத்தான் வருகிறது. நீங்கள் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று அந்த ஊழியர் கேட்டிருக்கலாம்.

சோர்வு எப்படித் திட்டு வாங்கும் பாவமானது என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவர் பெரிய கிரகோரியார் அந்த எட்டு எண்ணங்களை ஏழாகச் சுருக்கியபோது சோர்வு துக்கத்துக்குள் கரைந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தில் சோம்பலை உட்காரவைத்தார்கள். போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் என்று நம் ஞானோபதேசத்தில் ஒப்பிப்பது அந்தப் பட்டியலைத்தான். எவாக்ரியுஸ் காட்டும் சோர்ந்த துறவி சோம்பேறி இல்லை. புத்தகத்தை எடுப்பான், கண்ணைக் கசக்குவான், சுவரைப் பார்ப்பான், இன்னும் எத்தனை ஏடு என்று எண்ணுவான், கையெழுத்து சரியில்லை என்பான், கடைசியில் மூடித் தலைக்கு வைத்துப் படுப்பான், ஆழ்ந்த தூக்கமும் வராது. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடப்பவரைச் சோம்பேறி என்றால் அவர் இன்னும் வேகமாக நடப்பார், அவ்வளவுதான்.

சரி, மத்தியானத்துக்கு என்ன செய்வது?

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனித்து எழுதுங்கள். எண்ணம் எத்தனை மணிக்கு வந்தது, அதற்குமுன் என்ன நடந்தது, எது எதைக் கூட்டிக்கொண்டு வந்தது, எப்போது தணிந்தது. ஐம்பதாம் பத்தியில் எவாக்ரியுஸ் சொல்லும் வேலை இது. துறவிகளுக்காக 'ஏணி' என்ற நூலை எழுதிய ஏணியின் யோவான், அலெக்சாந்திரியா பக்கத்து மடத்தில் ஒருவர் தன் எண்ணங்களை அன்றன்று எழுத இடுப்பில் சிறு ஏடு ஒன்று கட்டியிருந்ததைச் சொல்கிறார். பெரிதாக எழுதாதீர்கள், எண்ணத்துக்கு இரண்டு வரி போதும். பக்கம் பக்கமாக எழுதினால் அதுவே அசைபோடுவதாகிவிடும்.

பொழுதை வெட்டுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை அம்மாவைப் புரட்டுவீர்கள். பத்து, பன்னிரண்டு, இரண்டு: மூன்று முளைக்குச்சிகள் ஏற்கெனவே அடித்தாயிற்று. சோர்வில் தவித்த எகிப்துத் துறவி அந்தோணியாருக்குப் (பதுவை அந்தோணியார் இல்லை) பாலைவனத்தில் காட்டப்பட்டது ஒரு ஆள்: உட்கார்ந்து கயிறு முறுக்குகிறான், எழுந்து ஜெபிக்கிறான், மறுபடி உட்கார்ந்து முறுக்குகிறான். உங்கள் கையில் தொழில் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபேன் காயில் கட்டலாம். சுற்றை எண்ணும்போது மனம் ஊர் சுற்றாது. அரை மணிநேரம் வேலை, ஒரு சங்கீதம், மறுபடி வேலை. ஜெபத்தை நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் ஒரு மணிநேரம் முழங்காலில் நிற்கத் தீர்மானித்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள், விட்டதற்காக ஒரு குற்ற உணர்வும் சேரும். அளவுக்கும் வேளைக்கும் மிஞ்சியது நிலைக்காது என்று எவாக்ரியுஸும் சொல்கிறார்.

எண்ணத்துக்கு ஒரு வரியில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்தில் இயேசு பிசாசுக்கு மூன்று பதில்தான் சொன்னார், மூன்றும் உபாகமத்திலிருந்து, மூன்றும் சிறியவை. எட்டு எண்ணங்களுக்கும் இப்படிப் பதில் வசனங்களைத் தொகுத்து எவாக்ரியுஸ் தனி நூலே எழுதினார். சோர்வுக்கு அவர் சொல்லும் வழி, ஆத்துமாவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி மறுபாதியைத் தேற்றுவது: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு." வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னதும் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 42-ஆம் சங்கீதத்தில் ஐந்தாம் வசனத்தில் இதைச் சொன்னவர் ஆறாம் வசனத்திலேயே "என் ஆத்துமா எனக்குள் கலங்குகிறது" என்கிறார். பதினோராம் வசனத்திலும், 43:5-லும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

பத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஏஜெண்டுக்கு போன் செய்வதும் அண்ணனுக்கு மெசேஜ் அனுப்புவதும் இதில் அடக்கம். சோதனை நேரத்தில் குடிசையைவிட்டுப் போகாதே, காரணம் எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும், என்பது எவாக்ரியுஸின் அந்த நூறு பத்தி நூலில் இருபத்தெட்டாம் பத்தி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரும் இதே விதியை எழுதினார்.

இவையெல்லாம் சோர்வுக்கு. மனச்சோர்வு நோய்க்கு இவை போதாது. பாலைவனத்துச் சோர்வுக்கு வேளை உண்டு, தணியும் நேரம் உண்டு, அது எங்கேயாவது போகச் சொல்லி இழுக்கும். சாயங்காலமும் விடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், எதிலும் ஒட்டுதல் இல்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. செத்துவிடலாம் என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே மனைவியிடம் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அம்மாவின் மாத்திரை டப்பாவைக் காட்டுங்கள்.

கடைசியாக அண்ணன். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே வரிதான், ஆனால் கோபம் அதில்தான் இருக்கிறது. கோபம் ஜெப நேரத்தில் நம்மை நோகடித்தவரின் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் என்று பதினோராம் பத்தி சொல்கிறது. உங்களுக்கு நடக்கிறதா என்று ஏட்டில் குறித்துப் பாருங்கள். வன்மத்துக்கு எவாக்ரியுஸ் தரும் மருந்து வெகுமதி. நானூறு பேரோடு எதிரே வந்த தன் அண்ணன் ஏசாவை யாக்கோபு அப்படித்தான் தணித்தான். நாமோ ஏழைகள், அதனால் சாப்பாட்டுப் பந்தியால் சரிக்கட்டுவோம் என்கிறார். இந்தத் துறவிகள் ரொட்டியும் உப்பும் தின்றவர்கள், அதையே பந்தி என்கிறார்கள். அண்ணனை ஒரு சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள், ஞாயிறு சாயங்காலம்வரை தங்கும்படி. சாப்பிடும்போது கணக்குப் பேசாதீர்கள். மறுநாள் பத்து மணிக்கு அம்மாவைப் புரட்டும்போது ஒரு பக்கம் அவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். மாதத்தில் எந்த இரண்டு நாள் அவர் வந்து பார்த்துக்கொள்ள முடியும் என்று அதற்குப் பிறகு கேளுங்கள், இரண்டு மணிக்கு மேல்.