காதில் விழுந்ததை எழுதுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்து, இலக்கணப் புத்தகத்தை உருப்போட்டு ஆங்கிலம் கற்றவன். என்னோடு வேலை பார்ப்பவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். ஆனால் மெயிலில் 'ஷுட் ஹேவ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஷுட் ஆஃப்' என்கிறார்கள். 'கிட்டத்தட்ட எல்லா வகையிலும்' என்ற பொருளில் வரும் 'இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ்' என்பதை 'இன்டென்சிவ் பர்ப்பஸஸ்' ஆக்கிவிடுகிறார்கள். எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூவர்' வர வேண்டிய இடத்தில் 'லெஸ்'. பார்த்தாலே எரிச்சல் வருகிறது. தாய்மொழியை இப்படி எழுதலாமா? சுட்டிக்காட்டலாமா, அல்லது நான்தான் அளவுக்கு மீறிக் கோபப்படுகிறேனா?

கே., லெஸ்டர்

அன்புள்ள கே.,

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. இருபது வருடம் மெய்ப்புப் பார்த்தவன் நான். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் லீட்ஸில் என் அக்கா மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அவள் மகனுக்கு எட்டு வயது, அங்கேயே பிறந்தவன். வீட்டுப்பாடத்தில் 'ஐ ஷுட் ஆஃப் டோல்ட் ஹர்' என்று எழுதி அம்மாவிடம் திட்டு வாங்கினான். "எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க தாத்தா" என்று என்னிடம் வந்து நின்றான். 'கப் ஆஃப் டீ' என்று வேகமாகச் சொல்லச் சொன்னேன். 'கப்பவ் டீ' என்றான். அப்புறம் அந்த வீட்டுப்பாட வரி. 'ஷுடவ் டோல்ட்' என்றான். இரண்டிலும் நடுவில் கேட்பது ஒரே 'அவ்'. பேச்சில் 'ஹேவ்' தேய்ந்தாலும் 'அவ்', 'ஆஃப்' தேய்ந்தாலும் 'அவ்'. அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. சரி, 'ஷுட்'டை எடுத்துவிட்டுச் சொல் என்றேன். 'ஐ ஹேவ் டோல்ட் ஹர்' என்றான். சொன்ன கையோடு ரப்பரைத் தேடிப் போய்விட்டான்.

நீங்களும் நானும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டோம். நமக்கு அந்தச் சொற்கள் அச்சில், கண் வழியாக வந்தன. அவர்களுக்கு வாய்ப்பேச்சாகக் காதில் விழுந்தன. நம் வீட்டில் அரைஞாண் கயிறு 'அண்ணாக்கயிறு' ஆகிவிடவில்லையா? அரையில் கட்டும் நாண் என்று அதைப் பிரித்துப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்?

'இன்டென்சிவ் பர்ப்பஸஸ்' எனக்குப் பிடித்த வகை. புரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு மொழியியலில் 'எக்கார்ன்' என்று பெயர். ஓக் மரத்துக் கொட்டைக்கு ஆங்கிலத்தில் 'ஏகார்ன்'. ஒரு பெண் அதை 'எக் கார்ன்' என்று எழுதிவந்ததை மொழியியலாளர் மார்க் லிபர்மன் 2003-இல் குறிப்பிட்டார். இந்த வகைக்கே அதைப் பெயராக வைக்கலாம் என்றவர் இன்னொரு மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம். அந்தக் கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலையில் தொப்பி போட்ட குட்டி முட்டை மாதிரியே இருக்கும். முளைக்கும் விதையும்கூட. முட்டை, தானியம் என்று அந்தப் பெண் பொருள் கண்டதில் எனக்கு மரியாதைதான்.

இன்னொன்றும் உண்டு. அகராதியில் சரியென்று நிற்கும் 'ஏகார்ன்' என்ற சொல்லே இப்படி வந்ததுதான். அதன் பழைய வடிவத்துக்கும் தானியத்தைக் குறிக்கும் 'கார்ன்'னுக்கும் உறவில்லை. கடைசி அசை தானியம்போல ஒலித்ததால் மக்கள் அப்படி மாற்றிவிட்டார்கள். மணமகனைச் சொல்லும் 'பிரைட்குரூம்' கதையும் இதேதான். பழைய சொல்லின் பின்பாதி 'குமா', அதாவது ஆண். அந்தச் சொல் வழக்கொழிந்ததும், வேலைக்காரப் பையனைக் குறித்த 'குரூம்' அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று அதைப் பிழையென்று யாரும் திருத்துவதில்லை.

'லெஸ்' விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. ஆல்ஃபிரட் அரசர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' எழுதியிருக்கிறார். 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர், அந்த இடத்தில் 'ஃபியூவர்' தனக்கு நயமாகப் படுவதாக எழுதினார். ஒருவருடைய ருசி, பின்னால் வந்தவர்கள் கையில் சட்டமாகிவிட்டது. 2008-இல் டெஸ்கோ கடைகள் 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' பலகைகளை 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றும் அளவுக்கு அந்தச் சட்டம் மிரட்டியது. இதற்காக நீங்கள் யாரையும் திருத்த வேண்டாம்.

'ஷுட் ஆஃப்' அப்படியல்ல. வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்திலோ வேலை விண்ணப்பத்திலோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறவர்கள் உண்டு, உங்கள் நண்பர் அவர்களிடம் மாட்டக் கூடாது. ஆனால் அனுப்புவதற்கு முன், தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். எல்லோருக்கும் போகும் மெயிலில் பதில் போட்டுத் திருத்தாதீர்கள். இலக்கண வகுப்பும் எடுக்க வேண்டாம், 'ஷுட்'டை எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். லீட்ஸ் பையனுக்கு அரை நிமிடம்தான் ஆனது.

அன்புடன்.