கரப்பந்து கேள்வி பதில்: முதல் பந்தை எடுப்பவரைப் பாருங்கள்

ஆண்களுக்கான நேஷன்ஸ் லீக் நடக்கும் மாதங்களில் கிரிக்கெட் கேள்விகள் கொஞ்சம் குறைந்து, கரப்பந்தாட்டக் கடிதங்கள் வரத் தொடங்கும். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. கொழும்புப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குக் கரப்பந்தாட்டம் பழக்கி ஓய்வுபெற்றவன் நான். இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: சேர், மகன் ஏ.எல். எடுக்க இருக்கிறான். நடு இரவில் கைபேசியை வைத்துக்கொண்டு போலந்து, இத்தாலி என்று மட்ச் பார்க்கிறான். கேட்டால் நேஷன்ஸ் லீக் என்கிறான். முன்பு உலகச் சம்பியன்ஷிப் என்றான். அதற்கு முன் ஒலிம்பிக். இவை எல்லாம் ஒன்றா, வேறு வேறா? இது எப்போதுதான் முடியும்?

வேறு வேறு, அம்மா. நாடுகள் மோதும் பெரிய போட்டிகள் மூன்று. ஒலிம்பிக்கில் 1964 டோக்கியோவிலிருந்து கரப்பந்தாட்டம் இருக்கிறது. உலகச் சம்பியன்ஷிப் அதைவிடப் பழையது. ஆண்களுக்கான முதலாவது போட்டி 1949 இல் பிராக் நகரில் நடந்தது. நீண்ட காலமாக நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்று இருந்ததை, 2025 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று மாற்றிவிட்டார்கள். 2025 இல் பிலிப்பைன்ஸில் 32 அணிகள் விளையாடின, இறுதியில் இத்தாலி பல்கேரியாவை 3-1 என்று வென்றது. அடுத்தது 2027 இல் போலந்தில்.

மகன் இப்போது பார்ப்பது மூன்றாவது வகை. இது வருடாவருடம் வரும். 1990 முதல் 2017 வரை வேர்ல்ட் லீக் என்ற பெயரில் நடந்தது, 2018 இல் நேஷன்ஸ் லீக் ஆனது. கொரோனாவால் 2020 இல் மட்டும் நடக்கவில்லை. ரஷ்யா முதல் இரண்டு முறையும், பிரேசில் 2021 இலும், பிரான்ஸ் 2022 இலும் 2024 இலும், போலந்து 2023 இலும் 2025 இலும் கிண்ணம் எடுத்தன. 2025 இலிருந்து 18 அணிகள். மூன்று வாரங்கள் வெவ்வேறு நாடுகளில் கூடி அணிக்கு 12 ஆட்டங்கள் விளையாடுகிறார்கள். அதன்பின் எட்டு அணிகளுக்கு இறுதிக் கட்டம்.

நேர விஷயம் இதுதான்: ஐரோப்பாவில் கோடை காலத்தில் இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு 11.30. ஐந்து செற்றும் (சுற்றும்) போனால் இரண்டு மணி ஆகிவிடும். ஜப்பானிலோ சீனாவிலோ நடப்பவை நமக்குப் பகலில், இல்லையென்றால் மாலையில் வரும். அவற்றைப் பார்க்க விடுங்கள், இரவு ஆட்டங்களை மறுநாள் சுருக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். முழுதாகத் தடுக்காதீர்கள், அம்மா. நல்ல ஆட்டம் பார்ப்பதும் படிப்புத்தான்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்: எதிரணி சேர்வ் போடுவதற்கு முன், வலைக்குப் பக்கத்தில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களைக் காட்டுகிறாரே, ஏன்?

அவர்தான் செற்றர், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். அடுத்த பந்தில் யார் எந்த வகை அடிக்கு ஓடவேண்டும் என்று தன் அணிக்குச் சொல்கிறார். வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பார்த்துவிடக் கூடாதே, அதனால்தான் முதுகுக்குப் பின்னால்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு 15 வயது, உயரம் 168 சென்ரிமீற்றர். கரப்பந்து என்றால் உயிர். பாடசாலை அணித் தெரிவில் "உயரம் காணாது, வேறு விளையாட்டைப் பார்" என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சர்வதேச அணிகளைப் பார்த்தாலும் எல்லாரும் இரண்டு மீற்றர் ஆட்களாக இருக்கிறார்கள். நிறுத்திவிடச் சொல்லவா?

தயவுசெய்து நிறுத்த வேண்டாம். 15 வயதுப் பிள்ளையின் உயரம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. சரி, இனி வளரவே மாட்டான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவனுக்கு இடம் இருக்கிறது. அதுவும் ஓரமான இடமல்ல.

ஜப்பான் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நேஷன்ஸ் லீக்கில் மூன்றாம் இடம், 2024 இல் இறுதி ஆட்டம் வரை. அந்த அணியின் செற்றர் மசாஹிரோ செகிதா 175 சென்ரிமீற்றர்தான். பின்வரிசையில் பந்தை எடுக்கும் லிபரோ தோமோஹிரோ யமமோத்தோ 171. உங்கள் மகனைவிட மூன்று சென்ரிமீற்றர் கூட, அவ்வளவுதான்! ஆண்கள் வலையின் மேல்விளிம்பு 2.43 மீற்றரில் இருக்கிறது. யமமோத்தோ அதற்கு மேலே எழுந்து அடிக்கத் தேவையே இல்லை. அவருடைய வேலை நிலத்துக்குப் பக்கத்தில்.

லிபரோ என்ற இடத்தை உலகச் சம்மேளனம் 1998 இல் கொண்டுவந்தது. மற்றவர்களின் நிறத்தில் இல்லாத மேற்சட்டை போட்டுப் பின்வரிசையில் மட்டும் நிற்பவர் அவர். சேர்வ் போட முடியாது, பிளொக் செய்ய (வலையோரம் கைகளை உயர்த்தி அடியை மறிக்க) முடியாது, வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்க முடியாது. ஆனால் வழக்கமான ஆள் மாற்றக் கணக்கில் சேராமல் உள்ளே வெளியே போய்வரலாம். வருகிற சேர்வை எடுத்து, விழப்போகிற பந்தைத் தூக்கி, செற்றரின் கையில் சேர்ப்பது ஒன்றுதான் அவரிடம் கேட்கப்படுவது.

அது எவ்வளவு கடினம் என்று பாருங்கள். உயர்மட்ட ஆண்கள் ஆட்டத்தில் துள்ளிப் போடும் சேர்வ் மணிக்கு 120 கிலோமீற்றரைத் தாண்டும். கோட்டிலிருந்து கோடு வரை மைதானம் 18 மீற்றர். ஆக, பந்து வந்து சேர ஏறத்தாழ அரை விநாடி. அதற்குள் கால் நகர வேண்டும், இரண்டு முன்கைகளும் ஒன்றாகச் சேர வேண்டும், பந்தின் வேகத்தை உள்ளே வாங்கி மெதுவாக வலைக்குப் பக்கத்தில் விடவேண்டும். சுழலாமல் வரும் சேர்வ் இன்னும் மோசம். காற்றில் அலைந்து கடைசி மீற்றரில் திசை மாறும்.

முதல் பந்து நன்றாகப் போய்ச் சேர்ந்தால் செற்றருக்கு நான்கு வழி திறந்திருக்கும்: நடுவில் விரைவுப் பந்து, இடது ஓரம், வலது ஓரம், பின்வரிசையிலிருந்து எழும் அடி. எதிரணியின் பிளொக் காரர்கள் எங்கே ஓடுவது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். முதல் பந்து கெட்டுப்போனால் செற்றர் ஓடிப்போய் உயரமாக ஓர் ஓரத்துக்குத் தூக்கத்தான் முடியும். அதற்குள் அங்கே இரண்டு, மூன்று பேர் கைகளை உயர்த்திச் சுவர் கட்டியிருப்பார்கள். எவ்வளவு பெரிய அடிகாரனாக இருந்தாலும் அந்தச் சுவரில்தான் மோத வேண்டும். அடுத்த ஆட்டத்தைப் பார்க்கும்போது அடிப்பவரை விட்டுவிட்டு, முதல் பந்தை எடுப்பவரை மட்டும் ஒரு செற் முழுக்க மகனோடு சேர்ந்து பாருங்கள். ஆட்டம் எங்கே வெல்லப்படுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

நம்முடைய பாடசாலை மைதானங்களில் இதை யாரும் பழக்குவதில்லை என்பது என் நெடுநாள் கவலை. பயிற்சி என்றால் பையன்கள் வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராக அடிப்பார்கள். கைதட்டலும் அதற்குத்தான். பந்தை எடுக்கும் பயிற்சி கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுங்கிவிடும், மழை வந்தால் அதுவும் இல்லை. உயரத்தைப் பார்த்துத் தெரிவு செய்வதும் இதே வழக்கத்தின் இன்னொரு முகம். லிபரோவைத் தேடாத ஒரு தெரிவு எனக்கு விளங்கவில்லை.

மகனுக்குச் சொல்லுங்கள்: தினமும் மாலையில் ஒரு கூட்டாளியை ஒன்பது மீற்றர் தள்ளி நிறுத்தி, பந்தை வேகமாக எறியச் சொல். முதலில் நேராக, அப்புறம் ஒரு அடி இடது, ஒரு அடி வலது. கால் முதலில் போகவேண்டும், கை கடைசியில். முழங்கை மடியக்கூடாது. முகத்துவாரப் பக்கம் கடற்காற்று வீசும் நேரத்தில் பழகினால் இன்னும் நல்லது, பந்து அலைவது கண்ணுக்குப் பழகும். சில மாதம் இப்படிச் செய்துவிட்டு அடுத்த தெரிவுக்குப் போகட்டும். இன்றிரவு நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

தெமட்டகொடையிலிருந்து ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் ஒருவர்: எங்கள் காலத்தில் சேர்வ் போட்ட பக்கத்துக்குத்தான் புள்ளி. 15 புள்ளி எடுக்க வியர்த்துக் கொட்டும். இப்போது யார் வென்றாலும் புள்ளி, 25 இல் செற் முடிந்துவிடுகிறது. பழைய ஆட்டத்தின் பொறுமை போய்விட்டதே, ஐயா?

அந்த ஆட்டத்தை நானும் ஆடியவன், ஐயா. சேர்வ் கை மாறி மாறிப் போய், புள்ளிப் பலகை அசையாமல் நிற்கும் நிமிடங்களில் ஒரு தனி இறுக்கம் இருந்தது உண்மை. ஆனால் ஆட்டம் ஒரு மணியில் முடியுமா மூன்று மணியில் முடியுமா என்று யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சிக்கு அது ஒத்துவரவில்லை. 1998 இல் மாற்றத்தைத் தீர்மானித்தார்கள், ஒலிம்பிக்கில் 2000 சிட்னியிலிருந்து இந்த முறைதான்.

பொறுமை போகவில்லை என்பது என் எண்ணம். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பிரேசில் இரண்டு செற் முன்னால், மூன்றாவதில் வெற்றிப் புள்ளிக்கே வந்துவிட்டது. ரஷ்யப் பயிற்றுநர் நடுவில் ஆடிய 218 சென்ரிமீற்றர் முசர்ஸ்கியை ஓரத்துக்கு மாற்றினார். அவர் மட்டும் 31 புள்ளி எடுத்தார். மூன்றாவது செற் 29-27, கடைசியில் ரஷ்யா 3-2. 2024 பாரிஸ் காலிறுதியும் அப்படித்தான். ஜப்பான் இத்தாலிக்கு எதிராக இரண்டு செற் எடுத்து, மூன்றாவதில் 24-21 என்று நின்றது. ஒரே ஒரு புள்ளி தேவை. அந்தச் செற்றை இத்தாலி 27-25 என்று எடுத்து, நான்காவதை 26-24 என்றும் ஐந்தாவதை 17-15 என்றும் வென்றுவிட்டது. அன்று எனக்கு நெஞ்சு வலித்தது, ஐயா. ஒவ்வொரு தவறுக்கும் புள்ளி போகிறது என்பதால் இப்போது பொறுமை முன்பைவிடக் கூடத்தான் வேண்டியிருக்கிறது.

மருதானையிலிருந்து ஒரு வாசகர்: நேஷன்ஸ் லீக் பட்டியலில் வென்ற அணிக்குச் சில நேரம் 3 புள்ளி, சில நேரம் 2. ஏன்?

3-0 அல்லது 3-1 என்று வென்றால் 3 புள்ளி, தோற்ற அணிக்கு ஒன்றுமில்லை. 3-2 என்றால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. ஆனால் நேஷன்ஸ் லீக் பட்டியலில் முதலில் பார்ப்பது எத்தனை வெற்றி என்பதை, புள்ளி அதற்குப் பிறகுதான்.

முகத்துவாரத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி: சேர், கரப்பந்தாட்டம்தான் நம் தேசிய விளையாட்டு என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அப்படியென்றால் நேஷன்ஸ் லீக்கில் இலங்கை ஏன் இல்லை? எங்கள் பாடசாலையில் பெண்களுக்கு அணியே இல்லை.

நல்ல கேள்வி, மகள். 1895 இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், வை.எம்.சி.ஏ. இல் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மோர்கன் கண்டுபிடித்த விளையாட்டு இது. 1916 இல் அதே வை.எம்.சி.ஏ. வழியாகக் கொழும்புக்கு வந்தது. 1991 இல் தேசிய விளையாட்டு ஆனது. வலை கட்ட இரண்டு கம்பம் இருந்தால் ஊருக்கு ஊர் ஆடலாம் என்பதால் நாடு முழுக்கப் பரவியது. கிராமத்திலும் தோட்டத்திலும் முகாமிலும் ஆடுகிறோம்.

ஆனால் பரவலாக ஆடுவது வேறு, உலக மட்டத்தில் நிற்பது வேறு. நேஷன்ஸ் லீக்கில் இடம் பிடிக்க உலகத் தரவரிசை வேண்டும். கடைசியாக வரும் அணி வெளியேற, வெளியே இருப்பவற்றில் தரவரிசையில் மேலே உள்ள அணி உள்ளே வரும். அந்தத் தரவரிசை ஒவ்வொரு சர்வதேச ஆட்டத்துக்குப் பிறகும் கணக்கிடப்படுகிறது. பலமான அணிகளோடு அடிக்கடி ஆடும் நாடு ஏறும், வருடத்தில் சில ஆட்டங்கள் மட்டும் ஆடும் நாடு இருந்த இடத்திலேயே இருக்கும். 2025 இல் ஆசியாவிலிருந்து உள்ளே இருந்தவை ஜப்பான், ஈரான், சீனா மூன்றுமே. நம் அணி ஆசிய மட்டப் போட்டிகளில் ஆடுகிறது. 2018 இல் ஆசியச் சவால் கிண்ணம் இங்கேயே, சுகததாச உள்ளரங்கில் நடந்தது.

அதனால்தான் நான் பிலிப்பைன்ஸை உற்றுப் பார்க்கிறேன். 2025 உலகச் சம்பியன்ஷிப்பில் போட்டியை நடத்தும் நாடு என்பதால் அவர்களுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தில் எகிப்தை 3-1 என்று வென்றார்கள். ஈரானோடு ஐந்து செற் வரை போனார்கள், அந்த ஐந்தாவதை ஈரான் 22-20 என்றுதான் எடுக்க முடிந்தது. நம்மை ஒத்த உடல்வாகு உள்ள நாடு அது. பெரிய அணிகளோடு ஆடக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல சான்று தெரியாது. நம் விளையாட்டுத்துறை முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்: வெளிநாட்டு ஆட்டங்களுக்கும், மாவட்டந்தோறும் உள்ளரங்குகளுக்கும். மண் தரையில் பாய்ந்து பந்து எடுத்தால் முழங்கால் தோல் போய்விடும், பிறகு எந்தப் பிள்ளை பாயும்?

உன் பாடசாலை விஷயம். உன்னோடு ஆட விரும்பும் பிள்ளைகளின் பெயரை எழுதி, எட்டுப் பத்துப் பேர் சேர்ந்ததும் உடற்கல்வி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடு. தனியாகப் போகாதே, எல்லாருமாகப் போங்கள். ஒரு வலை, இரண்டு பந்து, வாரத்தில் இரண்டு மாலை மைதானம், இதை மட்டும் கேளுங்கள். பெண்களுக்கான வலை 2.24 மீற்றர், தொடக்கத்தில் அதைவிடத் தாழ்த்தியும் கட்டலாம். ஆசிரியர் ஒப்புக்கொண்டால் எனக்கு எழுது. பந்தை எடுக்கும் பயிற்சியை நானே வந்து பழக்கித் தருகிறேன்.