பழைய பிஸ்டனைக் கழுவாதீர்கள்: டூ-ஸ்ட்ரோக் கேள்வி பதில்

மண்ணில் ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பிஸ்டன் போவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கழற்றிய பிஸ்டனை பெட்ரோலில் கழுவிப் பளபளவென்று படம் எடுத்து அனுப்பாதீர்கள், கரியோடு சேர்ந்து பாதி சாட்சியும் போய்விடும்.

கேள்வி: அண்ணா, ஆர்எக்ஸ் 100. காலையில் உதைத்தவுடன் முறுக்கிக்கொண்டு கிளம்பினேன், ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, பிடித்துக்கொண்டது. பிஸ்டனைச் சுற்றி நாலு இடத்தில் நெட்டுக்குக் கீறல். ஆயில் நிறைய இருந்தது.

பதில்: ஆயில் மேல் தப்பில்லை தம்பி. அலுமினிய பிஸ்டன் சூட்டில் வார்ப்பிரும்பு சிலிண்டரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சிலிண்டர் சூடேறுவதற்குள் நீ முறுக்கியதால் பிஸ்டன் முந்திக்கொண்டது. சிலிண்டர் நன்றாகச் சூடேறும்வரை மெதுவாக ஓட்டு. சமீபத்தில் போர் போட்ட (சிலிண்டரின் உள்பக்கத்தைக் கடைந்து பெரிதாக்கிய) இன்ஜின் என்றால் கிளியரன்ஸையும், அதாவது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும், அளக்கச் சொல், இறுக்கமாக விட்டிருந்தாலும் இதே நாலு கீறல்தான் வரும்.

கேள்வி: எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கம் மட்டும் உரசியிருக்கிறது. கிட் (பிஸ்டன், ரிங் செட்) மாற்றி 200 கிலோமீட்டரில் திரும்பவும் அதே இடத்தில் பிடித்தது. பிஸ்டன் டூப்ளிகேட்டா?

பதில்: இருக்கலாம், ஆனால் இரண்டு பிஸ்டனும் ஒரே இடத்தில் போயிருக்கிறது என்றால் நான் முதலில் காற்றைத்தான் சந்தேகப்படுவேன். எக்ஸாஸ்ட் பக்கம்தான் சூடு அதிகம், கலவையில் பெட்ரோல் குறைந்தால் முதலில் அடிவாங்குவது அந்தப் பக்கம். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சட்டென்று இறங்காமல் உறுமிக்கொண்டே இருந்ததா? அப்படியென்றால் கார்புரேட்டர் வழியாக வராத திருட்டுக் காற்றை எங்கோ இழுக்கிறது: கார்புரேட்டர் ரப்பர், ரீட் வால்வு கேஸ்கெட், அல்லது மேக்னெட் பக்க கிராங்க் ஆயில் சீல். இந்த சீலைத்தான் யாரும் பார்ப்பதில்லை, மேக்னெட்டைக் கழற்ற வேண்டுமே என்ற சோம்பல். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்துப் புகை தள்ளும், உடனே தெரிந்துவிடும். மேக்னெட் பக்கம் புகையும் இல்லை, ஒழுகலும் இல்லை, பிஸ்டனைத் தின்ற பிறகுதான் தெரியும். இன்டேக்கையும் (கலவை உள்ளே வரும் வழி) எக்ஸாஸ்டையும் அடைத்துவிட்டு, அழுத்தம் காட்டும் முள் வைத்த கைப்பம்பில் சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி ஆறு நிமிடம் பாருங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும், குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இறங்கவில்லையென்றால் மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளை), பெட்ரோல் குழாய் அடைப்பு என்று அந்தப் பக்கம் போகலாம். அதுவரை மூன்றாவது கிட் வாங்காதீர்கள்.

கேள்வி: பிஸ்டன் தலையில் நடுவில் ஓட்டை. வெல்டிங் வைத்ததுபோல் ஓரம் உருகியிருக்கிறது.

பதில்: ப்ளக்கின் ஹீட் ரேஞ்சையும் (ப்ளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பது) டைமிங்கையும் (பொறி விழும் நேரம்) பாருங்கள். நடுவில் உருகாமல் ஓரத்தில் மணல் வீசியதுபோல் பொரிந்திருந்தால் அது தட்டல், அதாவது கலவை ஒழுங்காக எரியாமல் படீரென்று வெடிப்பது. ஹெட்டை லேத்தில் அதிகமாகத் தேய்த்து கம்ப்ரஷன் ஏற்றிய வண்டிகளில் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் கிராங்க் கேஸைப் பிரிக்காமல் மேலே மட்டும் மாற்றி ஓட்டிவிடாதீர்கள். உருகிய அலுமினியம் கீழேதான் விழுந்திருக்கும், அடுத்தது பேரிங்.

கேள்வி: இன்டேக் பக்கம் கீறலே இல்லை, ஆனால் மங்கலாக, உப்புத்தாள் தேய்த்ததுபோல் இருக்கிறது.

பதில்: புழுதி. ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போட்டீர்களா, ஓரம் சரியாக உட்கார்ந்ததா பாருங்கள்.

கேள்வி: சிலிண்டரில் ஒட்டிய அலுமினியத்தை ஆசிட் வைத்து எடுக்கலாமா?

பதில்: நிகாசில் பூச்சு (உள்சுவரில் நிக்கல் கலந்த கடினப் பூச்சு) உள்ள சிலிண்டர் என்றால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, ஒட்டிய இடத்தில் மட்டும் வைக்கலாம், கையுறை போட்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள். பூச்சு உரிந்த இடத்தில் பட்டால் அடியில் இருக்கும் சிலிண்டரையே அரிக்கும். ஆர்எக்ஸ் மாதிரி வார்ப்பிரும்பு போருக்கு வேண்டவே வேண்டாம், அடுத்த ஓவர்சைஸுக்கு போர் போடுங்கள்.

கேள்வி: பிரீமிக்ஸில் (பெட்ரோலில் முன்பே ஆயிலைக் கலப்பது) பெட்ரோலும் ஆயிலும் 40:1க்குப் பதில் 20:1 ஊற்றினால் பிஸ்டனுக்குப் பாதுகாப்புதானே அண்ணா?

பதில்: லிட்டருக்கு 25 மில்லி இருந்தது 50 ஆகிறது, சரி. ஆனால் ஜெட் வழியாகப் போகும் அளவு அதேதான், ஆயில் கூடினால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். ஜெட்டை மாற்றாமல் ஆயிலை மட்டும் ஏற்றினால், நீ பயப்படும் அதே சூட்டை நீயே வரவழைக்கிறாய்.